டாலி பார்ட்டன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டாலி பார்ட்டன் அமெரிக்காவின் ‘கண்ட்ரி’ இசைப் பாடகி; கண்ட்ரி என்பது அந்த நாட்டுக் கிராமப்புறத்து இசை. அவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் முதலில் வருவது அவருடைய டோப்பா. அப்புறம் உடம்பு, அப்புறம் அவர் பெயர் வைத்த அந்த ஆட்டுக்குட்டி. பாட்டு நாலாவதாகத்தான் வரும். இந்த வரிசை எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் வழக்கமாக வரும் கேள்விகளையே எடுத்துக்கொண்டு, முடிந்தவரை பாட்டின் பக்கமாக இழுத்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’ விட்னி ஹூஸ்டன் பாட்டு இல்லையா?

குரல் விட்னியுடையது. சொல்லும் மெட்டும் டாலியுடையவை. 1973-ல் எழுதி, 1974-ல் வெளியிட்டார். அமெரிக்க கண்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்தது. 1982-ல் தான் நடித்த ஒரு படத்துக்காக அதையே மறுபடி பாடினார், மறுபடியும் முதலிடம். அதற்கும் பத்து வருடம் கழித்துத்தான் ‘தி பாடிகார்ட்’ படத்தில் விட்னி பாடி, 14 வாரம் தொடர்ந்து அமெரிக்காவின் முதல் பாட்டாக இருந்தது. நம்மில் பெரும்பாலோருக்கு அந்த மூன்றாவது பிறவிதான் தெரியும். எனக்கும் அப்படித்தான். டாலியின் பதிவை முதலில் கேட்டபோது ‘இவ்வளவு மெதுவாகவா பாடுவார்கள்’ என்று ஏமாற்றமாகக்கூட இருந்தது.

இன்னொன்று. இதைக் காதல் பாட்டு என்று நினைத்துக் கல்யாணத்தில்கூடப் போடுகிறார்கள். உண்மையில் இது வேலையை விட்டுப் போகிறேன் என்று முதலாளியிடம் சொல்லும் பாட்டு. அந்தக் கதை கீழே வருகிறது.

பாடகியா, பாடலாசிரியரா, இசையமைப்பாளரா?

மூன்றும். நம் சினிமாவில் மெட்டுப் போடுபவர் ஒருவர், எழுதுபவர் ஒருவர், பாடுபவர் ஒருவர் என்று பழகிவிட்டதால் இது கொஞ்சம் குழப்பும். கண்ட்ரி இசையின் தலைநகரமான நாஷ்வில் ஊர்க்காரர்கள் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு சொல்லையும் மெட்டையும் சேர்த்தே கட்டுவார்கள். டாலி அப்படிக் கட்டிய பாட்டுகள் சுமார் 3,000 என்பது அவரே சொல்லும் கணக்கு. எல்லாம் பதிவாகவில்லை. தன்னைப் பற்றி யார் கேட்டாலும் ‘நான் முதலில் பாட்டு எழுதுகிறவள்’ என்றுதான் சொல்வார்.

எங்கே பிறந்தார்? அவ்வளவு ஏழைக் குடும்பமா?

1946 ஜனவரி 19-ல், டென்னசி மாநிலத்தின் கிழக்கு மலைப்பகுதியில், செவியர் கவுன்டியில் (நம் மாவட்டம் மாதிரி), ஒற்றை அறை மரவீட்டில் பிறந்தார். பன்னிரண்டு பிள்ளைகளில் நாலாவது. பிரசவம் பார்த்த டாக்டருக்குக் கொடுக்கப் பணமில்லாமல் அப்பா ஒரு மூட்டை சோளமாவு கொடுத்தார். பின்னாளில் டாலி அந்த டாக்டரைப் பற்றியே ஒரு பாட்டு எழுதினார். வளர்ந்த வீட்டில் மின்சாரம் இல்லை, குழாய் இல்லை. அப்பா ராபர்ட் லீ பார்ட்டன் புகையிலை பயிரிட்டார், கூலி வேலைக்கும் போனார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இந்தத் தகவலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பாட்டு வந்தது அம்மா வழியில். அம்மாவின் அப்பா பெந்தெகொஸ்தே பிரசங்கியார். சர்ச்சில் யார் வேண்டுமானாலும் கிட்டாரையோ தம்பூரினையோ தூக்கிக்கொண்டு பாடலாம். அம்மா அவி லீக்கு, கடல் தாண்டி வந்து அந்த மலைகளில் தங்கிவிட்ட பழைய ஆங்கில, ஸ்காட்டிஷ் கதைப்பாடல்கள் மனப்பாடம். கொலை, தற்கொலை, குழந்தைச் சாவு என்று எல்லாம் அந்தப் பாட்டுகளில் உண்டு. தாலாட்டு மெட்டில் பயங்கரமான கதையைச் சொல்லும் வித்தை டாலிக்கு அங்கிருந்து வந்ததுதான். ஐந்து வயதில் முதல் பாட்டு: மக்காச்சோளக் கட்டையில் செய்து தந்த ஒரு பொம்மையைப் பற்றி. அவர் சொல்லச் சொல்ல அம்மா எழுதி வைத்தார்.

ஒட்டுத்துணிக் கோட்டுக் கதை உண்மையா, பாட்டுக்காகச் செய்ததா?

உண்மை. யாரோ கொடுத்த பெட்டி நிறையத் துண்டுத் துணி. எல்லாம் வேறு வேறு நிறம், எதுவும் முழுச் சட்டைக்குப் போதாது. அம்மா அதை ஒட்டுப்போட்டுச் சிறுமி டாலிக்குக் கோட்டு தைக்கிறார். தைக்கும்போதே பைபிளில் வரும் யோசேப்பின் பலவர்ண அங்கிக் கதையையும் சொல்கிறார். பிள்ளை யோசேப்பைப் போலவே நினைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறது. அங்கே எல்லோரும் கெக்கலி கொட்டிச் சிரிக்கிறார்கள்.

பல வருடம் கழித்து, 1969-ல், சுற்றுப்பயண பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கும்போது இந்தப் பாட்டு வந்தது. எழுதக் காகிதம் இல்லை. முதலாளி போர்ட்டர் வாக்னரின் ஜிகினா கோட்டுகளை டிரை கிளீனிங் போட்டு வாங்கிய ரசீது ஒன்று கிடந்தது. அதன் மேலேயே எழுதினார். ஒட்டுத்துணிக் கோட்டின் பாட்டு, ஆடம்பரக் கோட்டின் ரசீதில். எந்தக் கதாசிரியராவது இப்படிச் செய்திருந்தால் ‘ரொம்ப ஜோடனை’ என்று நாமே குறை சொல்லியிருப்போம். ‘கோட் ஆஃப் மெனி கலர்ஸ்’ என்ற பெயரில் 1971-ல் அது வெளிவந்தது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்கும் ஒலிப்பதிவுகளில் இன்று அதுவும் ஒன்று.

அந்தப் பாட்டில் என்னைப் பிடித்து நிறுத்துவது ஒன்றுதான். சிரித்த பிள்ளைகள்மீது அதில் கோபமே கிடையாது. இவர்களுக்கு ஏன் புரியவில்லை என்ற வியப்பு மட்டும்தான்.

நாஷ்வில் போனது எப்படி?

பத்து வயதிலேயே நாக்ஸ்வில் நகரில், கேஸ் வாக்கர் என்ற மளிகைக்கடை முதலாளி நடத்திய வானொலி, டிவி நிகழ்ச்சிகளில் பாட ஆரம்பித்துவிட்டார். வீட்டில் டிவி வருவதற்கு முன்பே டிவியில் வந்தவள் நான் என்று சொல்லிச் சிரிப்பார். 1959-ல் பாட்டியோடு பஸ் ஏறி லூசியானா போய் முதல் இசைத்தட்டைப் பதிவு செய்தார். எல்லாவற்றிலும் பின்னால் நின்றவர் தாய்மாமன் பில் ஓவன்ஸ். கிட்டார் வாங்கித் தந்தது, வண்டியில் கூட்டிக்கொண்டு ஸ்டூடியோ ஸ்டூடியோவாக அலைந்தது எல்லாம் அவர்தான்.

1964-ல் பள்ளிப்படிப்பு முடிந்தது. விழாவில் ஒவ்வொருவரும் அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்று சொல்ல வேண்டும். ‘நாஷ்வில் போய் நட்சத்திரம் ஆகப்போகிறேன்’ என்றார் டாலி. அரங்கமே சிரித்தது. மறுநாள் காலை பஸ் ஏறிவிட்டார். கிளம்பிய அவசரத்தில் அழுக்குத்துணியையும் பெட்டியில் திணித்துக்கொண்டு போனதால், நாஷ்விலில் இறங்கிய முதல் நாளே துணி துவைக்கும் கடைக்குப் போக வேண்டி வந்தது. கடை வாசலில் ஒரு பையன் பேச்சுக் கொடுத்தான். அவர்தான் பிற்பாடு கணவரான கார்ல் டீன்.

ஆரம்பம் பட்டினிதான். ஹோட்டல் தாழ்வாரங்களில், அறைக்கு வெளியே வைத்த தட்டுகளில் மிச்சமிருப்பதைச் சாப்பிட்ட நாட்களும் உண்டு என்று அவரே சொல்லியிருக்கிறார். ஒப்பந்தம் போட்ட மான்யுமென்ட் என்ற இசைத்தட்டுக் கம்பெனி, இந்தக் கீச்சுக்குரல் கண்ட்ரிக்கு ஒத்துவராது என்று சின்னப்பிள்ளை பாப் பாட்டுகளைப் பாட வைத்தது, ஓடவில்லை. 1966-ல் டாலியும் மாமாவும் எழுதிய ஒரு பாட்டை பில் ஃபிலிப்ஸ் என்பவர் பாட, அது முதல் பத்துக்குள் வந்தது. பின்னணியில் சேர்ந்து பாடிய பெண் யார் என்று வானொலிக்காரர்கள் விசாரிக்க ஆரம்பித்தார்கள். அப்புறம்தான் கம்பெனி, சரி, கண்ட்ரியே பாடு என்றது. பாடகியாகும் முன் எழுத்துதான் அவருக்குக் கதவைத் திறந்தது என்று நான் சொல்வது இதனால்தான்.

போர்ட்டர் வாக்னர் யார்? அவரோடு என்ன சண்டை?

அந்தக் காலத்தில் நாடு முழுக்க ஓடிய கண்ட்ரி இசை டிவி நிகழ்ச்சியின் சொந்தக்காரர். வண்டிச்சக்கரமும் கள்ளிச்செடியும் ஜிகினாவில் மின்னும் கோட்டு, தூக்கி வாரிய பொன்முடி. 1967-ல் அவருடைய ஜோடிப் பாடகி நார்மா ஜீன் விலகியதும் டாலியைச் சேர்த்துக்கொண்டார். வருடத்துக்கு 60,000 டாலர் சம்பளம். அப்போது அது பெரிய தொகை. முதல் மாதங்களில் டாலி மேடையேறினாலே கூட்டம் ‘நார்மா ஜீன் எங்கே’ என்று கத்தியது. போர்ட்டர் கூடவே நின்று பாடி, ஜோடிப் பாட்டுகளைப் பதிவு செய்து, மெல்ல மெல்ல ரசிகர்களை மாற்றினார். அந்த நன்றி டாலிக்கு எப்போதும் உண்டு.

ஐந்து வருடம் என்று பேச்சு. ஏழாவது வருடமும் விடவில்லை. எந்தப் பாட்டு, எந்த வாத்தியம், எந்த ஊர் என்று எல்லா முடிவும் அவருடையது. வாயைத் திறந்தால் வாக்குவாதம். ஒரு நாள் வீட்டுக்குப் போய், பேசினால் காது கொடுக்கமாட்டார், பாடினால் கேட்பார் என்று நினைத்து ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’ பாட்டை எழுதினார். மறுநாள் காலை அவருடைய அலுவலகத்துக்குப் போய், உட்காரச் சொல்லி, கிட்டாரோடு தனியாகப் பாடிக் காட்டினார். போர்ட்டர் அழுதுவிட்டார். நீ எழுதியதில் இதுதான் உசத்தி, போகலாம், ஆனால் இந்த இசைத்தட்டை நான்தான் தயாரிப்பேன் என்றார். 1974-ல் டாலி கிளம்பினார்.

சினிமாவாக இருந்தால் இங்கே திரை விழுந்திருக்கும். நிஜத்தில் 1979-ல் போர்ட்டர் 30 லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமானது. வருடங்கள் போக மனத்தாங்கலும் போயிற்று. 2007 மே மாதம், நாஷ்விலின் ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ மேடை நிகழ்ச்சியில் போர்ட்டர் சேர்ந்து 50 வருடம் ஆன விழாவில் டாலி அதே பாட்டை அவரைப் பார்த்துப் பாடினார். அக்டோபரில் போர்ட்டர் இறந்தபோது, கடைசி நாளில் டாலி பக்கத்தில் இருந்தார்.

ஜோலீன் என்று நிஜமாகவே ஒருத்தி இருந்தாளா?

‘ஜோலீன்’ டாலியின் பாட்டு; தன் கணவனைப் பறித்துக்கொள்ளாதே என்று ஒரு பெண் இன்னொருத்தியிடம் கெஞ்சுவது. அதில் பெயர் ஒருத்தியுடையது, கதை இன்னொருத்தியுடையது. கல்யாணமான புதிதில் கார்ல் அடிக்கடி பேங்குக்குப் போய்க்கொண்டிருந்தார். கவுன்ட்டரில் சிவப்புக் கூந்தல் பெண் ஒருத்தி கொஞ்சம் கூடுதலாகவே சிரித்துப் பேசுவாளாம். ‘இத்தனை தடவை பேங்குக்குப் போக நம்மிடம் அவ்வளவு பணம் ஏது’ என்று வீட்டில் கேலி. பெயரோ, மேடையருகே ஆட்டோகிராஃப் வாங்க வந்த ஒரு சின்னப் பெண்ணுடையது. பெயரைக் கேட்டவுடன் மெட்டு போல இருக்கிறதே என்று நினைத்த டாலி, மறக்காமலிருக்க அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே பஸ்ஸுக்கு நடந்தார். அந்தத் திரும்பச் சொன்னதே பல்லவியாகிவிட்டது.

சக்களத்திப் பாட்டு என்றால் எந்த மொழியிலும் ஏச்சும் சாபமும் இருக்கும். இதில் ஒரு வசவு இல்லை. போட்டியாக வந்தவளின் கூந்தலையும் கண்ணையும் குரலையும் புகழ்ந்துகொண்டே, நீ நினைத்தால் எடுத்துக்கொள்ளலாம், தயவுசெய்து வேண்டாம் என்று கெஞ்சுகிறாள். கணவனுக்கு இதில் பெயரே கிடையாது, குரலும் கிடையாது. தூக்கத்தில் அவள் பெயரைச் சொல்வதோடு சரி. முழுப் பாட்டுமே இரண்டு பெண்களுக்கு நடுவில் நடக்கிறது. அடியில் ஓடும் அந்த கிட்டார் விரல்நடை, சாவி கொடுத்த பொம்மை மாதிரி நிற்காமல் ஓடி நெஞ்சைப் படபடக்க வைக்கும். 2024-ல் பியான்சே இதைப் பாடியபோது கெஞ்சலை எச்சரிக்கையாக மாற்றிவிட்டார். அது நன்றாகவே இருக்கிறது. ஆனால் என்னைக் கேட்டால் கெஞ்சுவதற்குத்தான் அதிகத் தைரியம் வேண்டும்.

எல்விஸுக்கே பாட்டுத் தரமாட்டேன் என்றாராமே?

ஆமாம். 1970-களின் நடுவில் எல்விஸ் பிரெஸ்லி ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’ பாடப் போகிறார் என்று செய்தி வந்தது. டாலி ஊரெல்லாம் சொல்லிவிட்டார், ஸ்டூடியோவுக்கு அழைப்பும் வந்தது. பதிவுக்கு முந்தின நாள் எல்விஸின் மேனேஜர் கர்னல் டாம் பார்க்கரிடமிருந்து தொலைபேசி: எல்விஸ் பாடும் பாட்டென்றால் பதிப்புரிமையில் பாதி எங்களுக்கு, அதுதான் வழக்கம்.

இங்கே கணக்கைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாட்டை எழுதியவருக்கு ஒரு பங்கு வருமானம், அதை நிர்வகிக்கும் பதிப்புக் கம்பெனிக்கு இன்னொரு பங்கு. பெரும்பாலான எழுத்தாளர்கள் இரண்டாவது பங்கை யாரிடமாவது விற்றுவிடுவார்கள். டாலி இளவயதிலேயே மாமாவோடு சேர்ந்து சொந்தப் பதிப்புக் கம்பெனி ஆரம்பித்திருந்தார். இரண்டு பங்கும் வீட்டுக்குள்ளேயே. ஏற்கெனவே முதலிடம் பிடித்த பாட்டு வேறு. என் வீட்டு ஆட்களுக்கு விட்டுப்போகும் சொத்து இது, தரமுடியாது என்று சொல்லிவிட்டு ராத்திரி முழுக்க அழுதார். முட்டாள்தனம் செய்துவிட்டாய் என்று பேசியவர்களும் உண்டு.

அப்புறம் 1992 வந்தது. அமெரிக்காவில் வானொலியில் பாட்டு ஒலித்தால் பாடியவருக்குச் சல்லிக்காசு கிடையாது. எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும்தான் பணம். இசைத்தட்டு விற்றாலும் பாட்டின் சொந்தக்காரருக்குச் சட்டம் வகுத்த தொகை உண்டு, அப்போது ஒரு பிரதிக்கு 6 சென்ட் சொச்சம். ‘தி பாடிகார்ட்’ படத்தின் ஆல்பம் கோடிக்கணக்கில் விற்றது. மீதியை நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். அந்தப் பணத்தில் ஒரு பகுதியை நாஷ்விலில் கறுப்பின மக்கள் வாழும் ஒரு பகுதியில் கட்டடம் வாங்கப் போட்டதாகவும், அதை விட்னி கட்டிய வீடு என்றே நினைப்பதாகவும் 2021-ல் சொன்னார்.

விட்னியின் பதிவில் ஒரு சின்ன விஷயம். தயாரிப்பாளர் டேவிட் ஃபாஸ்டர் கையில் வைத்திருந்தது லிண்டா ரான்ஸ்டாட் என்ற பாடகி 1975-ல் பாடிய பதிவு. அதில் மூன்றாவது சரணம் இல்லை. தொலைபேசியில் பேசியபோதுதான் டாலி, அது இல்லாமல் பாடாதீர்கள் என்று அந்த வரிகளைச் சொன்னார். முதல்முறை வானொலியில் விட்னி பாடியதைக் கேட்டபோது டாலி கார் ஓட்டிக்கொண்டிருந்தார். வண்டியை ஓரங்கட்டி நிறுத்த வேண்டியதாயிற்று.

அவர் கண்ட்ரிப் பாடகியா, பாப் பாடகியா?

1977-ல் இந்தக் கேள்விக்காகவே நாஷ்விலில் பலர் முகம் திருப்பிக்கொண்டார்கள். ‘ஹியர் யூ கம் அகெய்ன்’ வெளிவந்து பாப் பட்டியலில் மூன்றாம் இடம் வரை போயிற்று. அது டாலி எழுதியதல்ல. பேரி மான், சிந்தியா வைல் என்ற நியூயார்க் ஜோடி எழுதியது. பதிவைக் கேட்ட டாலிக்கே பயம். ஸ்டீல் கிட்டார் ஒன்றைச் சேருங்கள், இது கண்ட்ரி இல்லை என்று யாராவது கேட்டால் அதைக் காட்டிக்கொள்கிறேன் என்று கேட்டு வாங்கினார். நம் கோட்டு வாத்தியம் போலக் கிடத்திவைத்து, உலோகத் துண்டைக் கம்பிமேல் வழுக்கி வாசிப்பது அது. ஒரே ஒரு இழுப்பில் கேட்பவரை டென்னசிக்குக் கொண்டுபோய்விடும். விமர்சித்தவர்களுக்கு அவர் பதில்: நான் கண்ட்ரியை விட்டுப் போகவில்லை, கூடவே கூட்டிக்கொண்டு போகிறேன்.

1980-களில் பல ஆல்பங்கள் சீனிப்பாகாக இருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கென்னி ராஜர்ஸோடு பாடிய 1983 ஜோடிப்பாட்டை (பீ ஜீஸ் சகோதரர்கள் எழுதியது) எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்கலாம். அதைச் சுற்றியுள்ளவற்றை அப்படிச் சொல்லமுடியாது. 1990-களில் கண்ட்ரி வானொலிகள் வயதானவர்களை ஓரங்கட்டின. அப்போது அவர் செய்த காரியம்தான் அழகு: பாப்பும் வேண்டாம், ரேடியோவும் வேண்டாம் என்று பாஞ்சோ, மாண்டலின், ஃபிடில் மட்டும் வைத்து மலைநாட்டு புளூகிராஸ் இசைக்குத் திரும்பினார். 1999-ன் ‘தி கிராஸ் இஸ் புளூ’ அப்படி வந்தது. கிராமி விருதும் வாங்கிற்று.

நகத்தால் தாளம் போட்டது நிஜமா?

நிஜம். 1980-ல் ஜேன் ஃபோண்டா, லில்லி டாம்லினோடு நடித்த ‘நைன் டு ஃபைவ்’ அலுவலகப் பெண்களின் கதை. தலைப்புப் பாட்டை நான் எழுதுவதானால் நடிக்கிறேன் என்பது டாலியின் நிபந்தனை. படப்பிடிப்பில் சும்மா உட்கார்ந்திருந்த நேரத்தில் நீளமான அக்ரிலிக் நகங்களை ஒன்றோடொன்று உரச, டைப்ரைட்டர் சத்தம் கேட்டது. அதிலேயே தாளம் பிடித்துப் பாட்டு கட்டினார். பதிவிலும் நகத்தை வாத்தியமாக வாசித்து, ஆல்பத்தில் அதற்கெனப் பெயரும் போட்டுக்கொண்டார். 1981 பிப்ரவரியில் பாப் பட்டியலில் முதலிடம். சம்பளம் போதவில்லை, முதலாளி பெயர் வாங்கிக்கொள்கிறார் என்று புலம்பும் பாட்டுக்கு ஆடிக்கொண்டே காபி போடலாம். அதுதான் அதன் சூட்சுமம்.

ஏன் இப்படி ஒரு வேஷம்?

சின்ன வயதில் ஊரில் ஒரு பெண் உண்டு. மஞ்சள் முடி, சிவப்பு உதடு, இறுக்கமான உடை. அவளைப் பற்றி ஊர் நல்லவிதமாகப் பேசாது. சிறுமி டாலிக்கு அவள்தான் உலக அழகி. வளர்ந்தால் இப்படித்தான் ஆவேன் என்று முடிவு செய்தார், ஆனார். இவ்வளவு மலிவாகத் தெரிய எவ்வளவு செலவாகிறது தெரியுமா என்பது அவருடைய புகழ்பெற்ற நகைச்சுவை. தன்னைக் கேலி செய்ய வருபவர்களுக்கு முன்னால் தானே முந்திக்கொள்வார்; அப்புறம் அவர்களுக்குச் சொல்ல எதுவும் மிஞ்சாது.

ஆட்டுக்குட்டி? 1996-ல் ஸ்காட்லாந்தில் குளோனிங் முறையில் பிறந்த குட்டி மடிச் சுரப்பியின் செல்லிலிருந்து உருவானது. விஞ்ஞானிகளுக்கு டாலி பெயர் தோன்றியது அதனால்தான். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

கணவரை யாருமே பார்த்ததில்லை என்கிறார்களே?

கார்ல் டீன் தார்ச்சாலை போடும் தொழில் செய்தார். 1966 மே 30-ல், செய்தி பரவாமலிருக்க மாநில எல்லை தாண்டி ஜார்ஜியாவில் கல்யாணம். துணைக்கு டாலியின் அம்மா மட்டும். விழா, கேமரா எதுவும் கார்லுக்கு ஆகாது. கிட்டத்தட்ட 59 வருடம் சேர்ந்து வாழ்ந்து, 2025 மார்ச் 3-ல் இறந்தார். குழந்தைகள் இல்லை.

புத்தகம் கொடுக்கிறாராமே, அது என்ன திட்டம்?

அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்று சொன்னேனே, அங்கிருந்து வந்ததுதான் இது. 1995-ல் சொந்தக் கவுன்டியில் ஆரம்பித்தார்: பிறந்த குழந்தை முதல் ஐந்து வயது வரை, மாதம் ஒரு புத்தகம், குழந்தையின் பெயர் எழுதி வீட்டுக்கே தபாலில் வரும். பெற்றோரின் வருமானத்தைக் கேட்பதில்லை. இன்று கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியாவிலும் நடக்கிறது. கொடுத்த புத்தகங்கள் 20 கோடியைத் தாண்டிவிட்டன. பிள்ளைகள் டாலியைப் ‘புத்தகக்கார அம்மா’ என்று கூப்பிடுவதுதான் அப்பாவுக்கு மற்ற எல்லாப் புகழையும்விடப் பெருமையாக இருந்ததாம்.

அதே மலையடிவாரத்தில் 1986-ல் ஏற்கெனவே இருந்த ஒரு கேளிக்கைப் பூங்காவில் பங்குதாரராகி ‘டாலிவுட்’ என்று பெயர் வைத்தார். அந்த வட்டாரத்தில் அதிகம் பேருக்கு வேலை கொடுப்பது இன்று அதுதான். 2016-ல் காட்டுத்தீயில் வீடிழந்த குடும்பங்களுக்கு மாதம் 1,000 டாலர் வீதம் ஆறு மாதம் கொடுத்தார். 2020-ல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் கொடுத்த 10 லட்சம் டாலரில் ஒரு பகுதி மாடர்னா கொரோனா தடுப்பூசி ஆய்வுக்குப் போயிற்று. ஊசி போட்டுக்கொள்ளும்போது ‘ஜோலீன்’ மெட்டில் தடுப்பூசிப் பாட்டும் பாடினார்.

விருதுகளை வேண்டாம் என்று சொல்வது ஏன்?

எல்லாவற்றையும் அல்ல. கண்ட்ரி இசைப் புகழ் மண்டபம், பாடலாசிரியர் புகழ் மண்டபம் இரண்டிலும் இடம் பெற்றவர். 2022-ல் ராக் இசைக்காரர்களின் புகழ் மண்டபத்துக்குப் பெயர் வந்தபோதுதான், நான் ராக் பாடகி இல்லையே என்று விலகப் பார்த்தார். விடவில்லை, சேர்த்துவிட்டார்கள். சரி, வாங்கியாயிற்று, இனி சம்பாதித்துக் காட்ட வேண்டும் என்று மறுவருடம் 30 பாட்டு ராக் ஆல்பம் ஒன்று வெளியிட்டார். 77 வயதில்!

2021-ல் டென்னசி சட்டமன்ற வளாகத்தில் சிலை வைக்க மசோதா வந்தபோது, இப்போது நடக்கிற நிலைமையில் என்னைப் பீடத்தில் ஏற்றுவது சரியில்லை என்று தடுத்துவிட்டார். சொந்த ஊர் நீதிமன்ற வாசலில் அவருக்கு 1987-லிருந்தே சிலை உண்டு. மேலே புறா எச்சமிடும். அப்பா ராத்திரி யாரும் பார்க்காத நேரத்தில் வண்டியில் சோப்புத் தண்ணீரும் துடைப்பமும் போட்டுக்கொண்டு போய்த் தேய்த்துக் கழுவிவிட்டு வருவாராம்.

எதிலிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

தொகுப்பு ஆல்பங்களைத் தள்ளிவையுங்கள். 1971-ன் ‘கோட் ஆஃப் மெனி கலர்ஸ்’ ஆல்பத்தை முழுதாகக் கேளுங்கள், அரை மணி நேரம்கூட ஆகாது. அப்புறம் 1970-ல் வந்த ‘டவுன் ஃப்ரம் டோவர்’: கல்யாணமாகாமல் கர்ப்பமான பெண் காதலனுக்காகக் காத்திருக்கும் பாட்டு. வானொலியில் போடமாட்டார்கள் என்று எச்சரித்தார்கள், அப்படியே ஆயிற்று. ஆனால் அதை எழுதிய ஒருவரை ‘மஞ்சள் டோப்பா’ என்று சுருக்கிவிட முடியாது. மனசு கனத்துவிட்டால் ‘நைன் டு ஃபைவ்’ இருக்கிறது. நிமிடத்துக்கு 45 சுற்று ஓட வேண்டிய ‘ஜோலீன்’ இசைத்தட்டை 33 சுற்று வேகத்தில் மெதுவாக ஓட்டிய பதிவும் இணையத்தில் கிடைக்கும். டாலி ஆண்குரலில் பாடுவது போல, நம்பமுடியாத சோகத்தோடு இருக்கும்.

யாரும் கேட்காத பாட்டு ஒன்றைப் பூட்டி வைத்திருக்கிறாராமே?

டாலிவுட்டை ஒட்டி 2015-ல் திறந்த அவருடைய விடுதியில் செஸ்ட்நட் மரப்பெட்டி ஒன்று இருக்கிறது. அதற்குள் ஒரு புதுப்பாட்டின் குறுந்தகடும், அதை ஓட்ட ஒரு பிளேயரும். 2046-ல், அவருக்கு நூறு வயது ஆகும் வருடத்தில்தான் திறக்க வேண்டும் என்று ஏற்பாடு. ஒத்துக்கொண்ட நாளிலிருந்து டாலிக்கு நிம்மதி இல்லை. அது ரொம்ப நல்ல பாட்டு, உள்ளேயே கெட்டுப்போய்விட்டால் என்ன செய்வது, இப்போதே போய் அந்தப் பெட்டியைத் தோண்டி எடுத்துவிடலாமா என்று இருக்கிறது என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.